ஹட்டனில் ஒரு மீன் கடை: சீட்டுக் காசை எதில் போடுவது?

ஹட்டன் டவுனில் பஸ் நிலையத்திலிருந்து ஏறிப்போகும் ஒரு குறுக்குத் தெருவில் நாங்கள் அலங்கார மீன் கடை திறந்து எட்டு மாதமாகிறது. பன்னிரண்டு தொட்டி, ஒரு பெரிய ஏர் பம்ப், சுவரில் வலைகள், ஒரு தட்டில் தீனிப் போத்தல்கள். அவ்வளவுதான் கடை. என் வீட்டுக்காரர் காலையிலும் மதியத்திலும் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி ஓட்டோ ஓடுகிறார், இடையில் கடைக்கு வருவார். மற்ற நேரமெல்லாம் நான்தான்.

தை மாதம் எனக்குச் சீட்டு விழுகிறது, மூன்று இலட்சம் ரூபாய். அதைக் கடையில்தான் போட வேண்டும் என்பதில் வீட்டில் எல்லாருக்கும் ஒரே எண்ணம். எதில் போடுவது என்று கேட்டால் ஆளுக்கொரு பேச்சு. வீட்டுக்காரருக்குத் தொட்டிகளைக் கூட்ட வேண்டும், "சாமான் நிறைய இருந்தாத்தான் ஆள் வரும்" என்கிறார். என் தம்பி பேஸ்புக்கில் போட்டு நாடு முழுக்க விற்கலாம் என்கிறான். மாமியார் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் இடத்தில் நாமே குஞ்சு எடுத்தால் என்ன என்று கேட்கிறார். எனக்கு வேறொன்று மனதில் இருந்தது. இரண்டு மாதமாக ஒவ்வொன்றையும் எழுதி, கூட்டி, கழித்துப் பார்த்தேன். மலைநாட்டில் இதே மாதிரி புதிதாகச் சின்னக் கடை போட்டவர்களுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் நான் எதை வைத்து அளந்தேன் என்று சொல்ல வேண்டும். கடை திறந்த இரண்டாவது மாதம், டிக்கோயாப் பக்கத் தோட்டத்திலிருந்து ஓர் அம்மா மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். சம்பளம் போட்ட வார இறுதி. பையன் கறுப்பு மோலி இரண்டு ஜோடி எடுத்தான். அடுத்த கிழமை அவர் தனியாகத்தான் வந்தார். "எல்லாம் செத்துப்போச்சு அக்கா. புள்ள ரெண்டு நாளாச் சரியாச் சாப்பிடல" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. வேறு நான்கு மீன் பிடித்துக் கொடுத்தேன். அவையும் செத்தன. அதற்குப் பிறகு அந்தப் பையன் வரவில்லை.

அன்றிலிருந்து ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். எந்த மீன், எந்தத் திகதி, எந்த ஊர், வீட்டில் எங்கே வைத்தார்கள், ஒரு மாதம் கழித்து உயிரோடு இருக்கிறதா. திரும்பி வருகிறவர்களிடம் நேரில் கேட்பேன், நம்பர் தந்தவர்களை போனில் கேட்பேன். கொப்பி நிறைய நிறைய ஒன்று தெளிவாகத் தெரிந்தது. யார் வீட்டில் மீன் உயிரோடு இருக்கிறதோ அவர் திரும்ப வருகிறார். தீனி வாங்குகிறார், பில்டர் வாங்குகிறார், ஆறு மாதத்தில் பெரிய தொட்டி கேட்கிறார், மச்சானையும் கூட்டிவருகிறார். யார் வீட்டில் மீன் செத்ததோ அவர் தொட்டியைக் கவிழ்த்து அதில் உருளைக்கிழங்கு போட்டு வைக்கிறார். அதனால் ஒவ்வொரு யோசனையையும் நான் ஒரே கேள்வியோடுதான் பார்த்தேன்: இது நாம் விற்ற மீனை வாங்கியவர் வீட்டில் உயிரோடு வைக்க உதவுமா?

தொட்டிகளைக் கூட்டுவது

வீட்டுக்காரரின் யோசனையில் நியாயம் இருக்கிறது. தெருவில் போகிறவர்களை உள்ளே இழுப்பது கலர்தான். ஏஞ்சலும் பைட்டரும் நியோன் டெட்ராவும் இருந்தால் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு நிற்பார்கள். இன்னொரு பன்னிரண்டு தொட்டி, இரும்பு ரேக், ஹீட்டர், லைட் எல்லாம் போட்டால் கடை கடை மாதிரி இருக்கும். மூன்று இலட்சத்தில் பெரும்பகுதி போய்விடும், ஆனால் கண்ணுக்குத் தெரியும் வளர்ச்சி.

சிக்கல் குளிரில் இருக்கிறது. ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,270 மீற்றர் உயரம், நுவரெலியா 1,868 மீற்றர். கொழும்புப் பக்கத்து மொத்த வியாபாரி ஹீட்டரே இல்லாமல் 28 பாகையில் வைத்திருக்கும் மீனைத்தான் நாம் இங்கே ஏற்றிக்கொண்டு வருகிறோம். மார்கழி, தை இரவுகளில் எங்கள் கடையில் ஹீட்டர் இல்லாத தொட்டி 17, 18 பாகைக்கு இறங்குகிறது. தகரக் கூரை போட்ட லயக் காம்பராவில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், இன்னும் கீழே போகும்.

கரண்ட் கணக்கைப் பாருங்கள். இரண்டு அடிக்கு ஒரு அடிக்கு ஒரு அடி தொட்டியில் சுமார் 55 லீற்றர் தண்ணீர் பிடிக்கும். அதை 26 பாகையில் வைக்க 100 வாட் ஹீட்டர் ஒன்று வேண்டும். குளிர் மாதத்தில் அது ஒரு நாளில் பாதி நேரம் எரிகிறது என்று வையுங்கள்: 1.2 யூனிட். பன்னிரண்டு தொட்டிக்கு நாளொன்றுக்கு 14.4, மாதத்துக்கு 432 யூனிட். மின்கட்டணம் 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 வீதமும் அடுத்த பெப்ரவரியில் 66 வீதமும் கூடியதை மறந்திருக்க மாட்டீர்கள். பிறகு குறைத்தார்கள்தான். ஆனால் ஏறி இறங்கும் ஒரு கட்டணத்தை நம்பிக் கடையின் பாதியைக் கட்ட எனக்கு மனம் வரவில்லை. அதே 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தோம். அப்படி ஓர் இரவு ஹீட்டர் தொட்டிக்கு வந்தால் விடியும்போது என்ன மிஞ்சும்?

ஆனால் என்னைத் தடுத்தது கரண்ட் பில் மட்டும் இல்லை. கொப்பிதான். கடையில் 26 பாகையில் நீந்திய மோலியை உறையில் போட்டுக் கொடுக்கிறோம். அது போய்ச் சேரும் வீட்டில் தண்ணீர் 17 பாகை. ஒன்பது பாகை ஒரே மணித்தியாலத்தில் இறங்கினால் மீனின் எதிர்ப்புச் சக்தி உடைகிறது. இரண்டு, மூன்று நாளில் உடம்பில் உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளி. அந்தப் புள்ளியைக் கொண்டுவரும் ஒட்டுண்ணி சூட்டில் ஒரு கிழமைக்குள் தன் சுற்றை முடிக்கும், குளிரில் பல கிழமை இழுத்துக்கொண்டே கிடக்கும். மருந்து அது தண்ணீரில் நீந்தும் பருவத்தில்தான் பிடிக்கும். அதனால் மூன்று நாள் மருந்து போட்டுவிட்டு நிறுத்துகிறவர் வீட்டில் மீன் பிழைப்பதில்லை. எங்கள் கடையில் தொட்டி எவ்வளவு சூடாகவும் அழகாகவும் இருந்ததோ, அவ்வளவுக்கு மீன் வீட்டில் செத்தது. கொப்பியில் ஹீட்டர் தொட்டியிலிருந்து ஹீட்டர் இல்லாத வீட்டுக்குப் போன மீன்களில் பாதிக்கு மேல் ஒரு மாதம் தாண்டவில்லை.

அதனால் பன்னிரண்டு புதுத் தொட்டி என்ற யோசனையை நாங்கள் கைவிட்டோம். நான்கு தொட்டி மட்டும் சூடாக இருக்கட்டும், கடையின் பின் மூலையில். அந்த மூலையை ரெஜிபோம் (தெர்மகோல்) தட்டால் மறைத்து, தொட்டியின் அடியிலும் பின்னாலும் பக்கத்திலும் அதே தட்டை ஒட்டி, மேலே கண்ணாடி மூடி போட்டோம். மூடி முக்கியம், சூடு அதிகம் போவது மேலே ஆவியாகத்தான். ஹீட்டர் எரியும் நேரம் நன்றாகக் குறைந்தது. அந்த நான்கு தொட்டியில் உள்ள மீனை, வீட்டில் ஹீட்டர் வைத்திருப்பவர்களுக்கும் அதை வாங்கத் தயாரானவர்களுக்கும்தான் கொடுக்கிறேன். "காசு தர்றோம், குடுங்க" என்று கேட்பவர்களிடம் இல்லை என்று சொல்வது கஷ்டம். சொல்கிறேன்.

குளிரையே சரக்காக்குவது

இது என் யோசனை. கொழும்பில் கோல்ட் பிஷ் வளர்க்கிறவர் சூட்டோடு போராடுகிறார். கோல்ட் பிஷுக்குப் பிடித்தது 18 முதல் 22 பாகை, ஹட்டன் தண்ணீர் அதற்குச் செய்து வைத்தது போல. கோய் மீனுக்கும் அப்படித்தான். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரர் நுவரெலியா ஓடைகளில் டிரவுட் மீனைக் கொண்டுவந்து விட்டார்கள், அது பிழைத்து நின்றதே இந்தக் குளிரால்தான். அப்படியானால் நாம் ஏன் கொழும்புக் கடையின் நகலாக இருக்க வேண்டும்?

தேடிப் பார்த்தால் ஹீட்டர் இல்லாமல் இங்கே வாழும் மீன்கள் ஒன்றிரண்டு இல்லை. சீப்ரா டானியோ 18 பாகையில் துள்ளி விளையாடும். ரோசி பார்ப் வட இந்திய ஆறுகளின் மீன், ஆண் மீன் முட்டையிடும் காலத்தில் நன்றாகச் சிவக்கும். பரடைஸ் மீன் பைட்டரின் உறவு, ஆனால் பைட்டரைப் போலக் குளிருக்கு ஒடுங்காது. எனக்கு மிகவும் பிடித்தது வைட் கிளவுட். சீனாவின் குவாங்சோ நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள வெள்ளை மேக மலை ஓடைகளில் 1930களில் கண்டெடுத்த மீன். ஒன்றரை அங்குலம்தான், சிவந்த வால், பக்கத்தில் ஒரு வெள்ளிக் கோடு. 16 முதல் 22 பாகை அதற்குப் போதும். மொத்த வியாபாரியிடம் முன்கூட்டியே சொல்லிவைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. பத்து மீனை ஒன்றாக விட்டால் தொட்டிக்குள் மேகம் நகர்வது போல இருக்கும். நம்மைப் போலவே மலை ஓடையில் பிறந்த மீன் என்று பிள்ளைகளிடம் சொன்னால் அவர்கள் அதை வேறு கண்ணோடு பார்க்கிறார்கள்.

இந்த வழியின் குறை என்னவென்றால் வகை குறைவு, மீனும் மலிவு. ஒரு ஜோடி ஏஞ்சலில் கிடைப்பது ஆறு சீப்ராவில் கிடைக்காது. "இதெல்லாம் சாதா மீன் தானே" என்று முகம் சுளிக்கிறவர்களும் உண்டு. ஆனால் யார் வாங்குகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். தோட்டத்து நாள் சம்பளம் 2024இல்தான் 1,350 ரூபாய்க்கு வந்தது. 10ஆம் திகதி சம்பளம் போட்ட கிழமையில் ஒரு தகப்பன் பிள்ளைக்காக எடுத்து வைக்கும் காசு சின்னது. அந்தக் காசுக்கு வாங்கிய மீன் அடுத்த சம்பளத்துக்குள் செத்தால் அது நட்டம் மட்டும் இல்லை, ஒரு பிள்ளையின் ஏமாற்றம். அதே காசுக்கு ஆறு சீப்ரா போய், தீபாவளி அட்வான்ஸ் வாங்கும் வரைக்கும் நீந்திக்கொண்டிருந்தால் அந்தக் குடும்பம் அட்வான்ஸில் ஒரு தொட்டியே எடுக்கும். எங்களிடம் இந்தத் தீபாவளிக்கு எடுத்த தொட்டிகளில் பெரும்பாலானவை அப்படிப் போனவைதான்.

கோல்ட் பிஷைப் பற்றி ஒரு வார்த்தை. அதைப் போத்தலில் போட்டுக் கொடுக்க நான் இப்போது ஒத்துக்கொள்வதில்லை. நன்றாக வைத்தால் பத்து வருடத்துக்கு மேல் வாழும் மீன் அது. நிறையத் தின்னும், நிறைய அழுக்கும் போடும். இரண்டு அடித் தொட்டியில் இரண்டு மீன், அதற்கு மேல் வேண்டாம் என்று சொல்லியே கொடுக்கிறேன்.

தண்ணீரைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சூட்டுக்கு அடுத்தபடி மீனைக் கொல்வது அதுதான். நம் மலைத் தண்ணீர் மென்மையானது. கருங்கல்லில் ஊறி வருவதால் சுண்ணாம்பு கிட்டத்தட்ட இல்லை. டெட்ராவுக்கும் பைட்டருக்கும் அது நல்லது. மோலி, கப்பி, பிளாட்டி போன்றவைக்குக் கடினத் தண்ணீர் வேண்டும், இங்கே அவை மெல்ல மெல்ல வாடும். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. சுண்ணாம்பு இல்லாத தண்ணீரில் மீனின் அழுக்கு சேரச் சேரப் புளிப்பு ஏறி, புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு 6க்குக் கீழே போகும். அழுக்கிலிருந்து வரும் அமோனியாவைத் தின்னும் நல்ல பக்டீரியா அங்கே சோர்ந்துவிடும், குளிரும் சேர்ந்தால் இன்னும் சோரும். ஆனால் புளித்த தண்ணீரில் அமோனியா விஷமில்லாத வடிவத்தில் இருப்பதால் மீன் ஒன்றும் ஆகாதது போல நீந்தும். ஒரு நாள் மீன் வாங்கியவர் தொட்டி அழுக்காக இருக்கிறதே என்று முக்கால்வாசித் தண்ணீரை மாற்றிப் புதுத் தண்ணீர் ஊற்றுகிறார். பிஎச் ஏறுகிறது, தங்கியிருந்த அமோனியா முழுக்க விஷமாகிறது, மறுநாள் காலையில் எல்லா மீனும் மேலே மிதக்கும். "சுத்தம் பண்ணினேன், செத்துப்போச்சு" என்று எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள்! பொய்யே இல்லை.

இதற்கு மருந்து தோட்டத்திலேயே இருக்கிறது. தேயிலை மண்ணின் புளிப்பை எடுக்கப் போடும் டொலமைட் கல்தான். தூள் வேண்டாம், கழுவிய சிறு கற்களாக ஒரு கைப்பிடியைத் துணிப் பையில் கட்டி பில்டருக்குப் பக்கத்தில் போட்டால் மெல்லக் கரைந்து தண்ணீரைத் தாங்கிப் பிடிக்கும். வாரத்துக்குக் கால்வாசித் தண்ணீர் மட்டும் மாற்ற வேண்டும். இதை ஒரு துண்டுத் தாளில் அச்சடித்துத் தொட்டி வாங்கும் எல்லாருக்கும் கொடுக்கிறேன்.

குஞ்சு எடுப்பது

மாமியாரின் யோசனையை முதலில் நான் பெரிதாக எடுக்கவில்லை. பிறகுதான் அதில் இருக்கும் ஆழம் புரிந்தது. கோல்ட் பிஷை முட்டையிடத் தூண்டுவது ஒரு குளிர் காலமும் அதன் பின் மெல்ல ஏறும் வெயிலும். கொழும்பில் அந்த மாற்றம் கிடையாது. இங்கே தை மாதப் பனி முடிந்து மாசி, பங்குனி வெயில் வரும்போது அது தானாகவே நடக்கிறது. ஒரு பெண் மீன் நூற்றுக்கணக்கில் முட்டை போடும். 20 பாகையில் நான்கு, ஐந்து நாளில் பொரிக்கும். முதல் நாட்களுக்கு அவித்த மஞ்சள் கருவைத் துணியில் வடித்து மிகக் கொஞ்சமாகக் கொடுக்கலாம், பிறகு மொய்னா என்ற பொடி நீர்ப்பூச்சி. குஞ்சுகள் முதலில் மண் நிறத்தில்தான் இருக்கும், பொன்னிறம் வர மாதங்களாகும், குளிரில் இன்னும் தாமதம். ஆக, மாசியில் தொடங்கினால் ஆவணிக்குத்தான் கையில் விற்கும் அளவு மீன். அதுவரை வருமானம் இல்லை, வேலை மட்டும் இருக்கும். ஓயாமல் வந்து கொத்தும் மீன்கொத்தியையும் தவளையையும் தடுக்க வலை கட்ட வேண்டும். ஓடைப் பக்கமென்றால் நீர்நாயும் வரும்.

இன்னொரு உண்மை. எங்கள் வீடு இருக்கும் இடம் தோட்டத்து நிலம். தலைமுறை தலைமுறையாக இருக்கிறோம், ஆனால் ஒரு சீமெந்துத் தொட்டி கட்ட வேண்டுமென்றால் தோட்ட நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். மலையகத்தில் எத்தனையோ பேர் இதே நிலையில்தான் இருக்கிறார்கள். உரிமை இல்லாத மண்ணில் சீட்டுக் காசைச் சீமெந்தாகக் கொட்டக் கூடாது என்று நான் உறுதியாகச் சொன்னேன். மரச் சட்டம் அடித்துத் தறப்பாள் விரித்த தொட்டியும், பாதியாக அறுத்த நீலப் பீப்பாவும் போதும். நாளை நகர்த்த வேண்டி வந்தாலும் கையோடு எடுத்துப் போகலாம்.

குஞ்சு எடுப்பதில் எனக்குத் தெரிந்த பெரிய லாபம் பணம் இல்லை. இங்கேயே பிறந்த மீன் இந்தக் குளிரிலும் இந்தத் தண்ணீரிலும் வளர்ந்தது. அதை லயத்துக்குக் கொண்டுபோனால் அதற்கு இடம் மாறியதே தெரியாது. அப்புறம், பாதை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலைநாட்டில் எத்தனை உயிர்கள் போயின, பாதையும் ரயில் தண்டவாளமும் எத்தனை இடங்களில் அறுந்தன என்று எல்லாருக்கும் தெரியும். அந்தத் துயரத்தின் முன் மீன் கடை ஒரு பொருட்டே இல்லை. ஆனால் பாதை மூடினால் சரக்கு நின்றுவிடும் என்பதை மலையில் கடை வைத்திருக்கிற யாரும் கணக்கில் எடுக்காமல் இருக்க முடியாது.

தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபைக்கு, நாம் நக்டா என்று சொல்வோமே, கினிகத்தேனையில் ஒரு நிலையம் இருக்கிறது. ஹட்டனிலிருந்து கொழும்புப் பாதையில் இறங்கினால் வரும். குருநாகல் பக்கம் ரம்பொடகல்லவில் அலங்கார மீனுக்கென்றே ஒரு நிலையமும் உண்டு. குஞ்சு எடுக்க நினைப்பவர்கள் முதலில் போய் அவர்களிடம் பேசுவது நல்லது. காசு போடுவதற்கு முன் போக வேண்டும், போட்ட பிறகு இல்லை.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். ஓடையில் பிடித்த மீனை வாங்கி விற்காதீர்கள். கித்துல்கலப் பக்கம் களனி ஆற்றில் வாழும் அசோக பெதியா போன்ற மீன்கள் உலகத்தில் வேறெங்கும் இல்லை, சட்டமும் அவற்றைப் பாதுகாக்கிறது. இளைஞர்கள் போத்தலில் கொண்டுவந்து நீட்டும்போது பாவமாக இருக்கும், வாங்க மறுத்து ஏன் என்று சொல்லுங்கள். அதேபோல வீட்டில் வேண்டாமென்று போன மீனையும் ஓடையில் விட வேண்டாம், கடைக்கே கொண்டுவாருங்கள் என்று நான் போர்டு எழுதி வைத்திருக்கிறேன். டேங்க் கிளீனர் மீன் நம் நாட்டுக் குளங்களில் பெருகிக் கிடப்பது அப்படித்தான்.

வீடு தேடிப் போய்ப் பராமரிப்பது

இது யாரும் சொல்லாத யோசனை, ஒரு வாடிக்கையாளர்தான் கேட்டார். நோர்வூட்டில் ஒரு டீச்சர். "தொட்டி வாங்கினேன், கழுவ நேரமே இல்லை, நீங்களே மாதம் இரண்டு தடவை வந்து பார்க்க முடியுமா?" என்றார். வீட்டுக்காரர் ஓட்டோவில் வாளி, குழாய், வலை எல்லாம் போட்டுக்கொண்டு போனார். முக்கால் மணித்தியால வேலை. மாதக் கடைசியில் டீச்சர் கொடுத்த காசு, அந்த மாதம் ஒரு முழு தொட்டி மீன் விற்றுக் கிடைத்த லாபத்துக்குச் சமமாக இருந்தது.

இப்போது ஐந்து இடம். இரண்டு வீடு, ஒரு பல் வைத்தியரின் அறை, சிவனொளிபாத மலைப் பக்கம் ஒரு விடுதி, கொட்டகலையில் ஒரு கோய் குளம். இந்த வேலையின் அழகு என்னவென்றால் சம்பள நாளை எதிர்பார்த்து உட்கார வேண்டியதில்லை. கடையில் 10ஆம் திகதிக்குப் பிறகு ஒரு கிழமை கூட்டம், 20க்குப் பிறகு ஈ ஓட்டுகிறோம். தை மாதம் பள்ளிக்கூடச் செலவில் யாரும் மீன் பக்கம் திரும்புவதில்லை. பராமரிப்புக் காசு மட்டும் மாதா மாதம் வருகிறது. நுவரெலியாவில் சித்திரை வசந்த காலக் கூட்டம் தொடங்குவதற்கு முன், பங்குனியிலேயே விடுதிக்காரர்கள் குளங்களைச் சுத்தம் செய்யத் தொடங்குவார்கள். அந்த நேரம் போய்க் கேட்டால் வேலை கிடைக்கும் என்று நம்புகிறேன்.

ஆபத்தும் இருக்கிறது. நாம் கை வைத்த பிறகு ஒரு மீன் செத்தாலும் பழி நம்மேல்தான். ஒரு வீட்டு வலையை அடுத்த வீட்டுத் தொட்டியில் போட்டால் நோயையும் சேர்த்துக் கொண்டுபோகிறோம். அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி வலை, தனிக் குழாய், முடியாவிட்டால் கொண்டிஸ் (பொட்டாசியம் பெர்மாங்கனேட்) கரைத்த வாளியில் முக்கிக் கழுவிக் காய வைத்துத்தான் அடுத்த இடம். கோய் குளத்தில் குளிர் மாதம் தீனியைக் குறைக்க வேண்டும் என்று சொன்னால் விடுதி ஆட்கள் நம்புவதில்லை. குளிரில் மீனின் வயிறு மெல்ல வேலை செய்கிறது, கொட்டிய தீனி தண்ணீரில்தான் அழுகும். அதை அவர்களுக்குப் புரியவைப்பதும் வேலையில் ஒரு பகுதி.

எனக்கு இந்த வழி பிடிக்க இன்னொரு காரணம் உண்டு. வீட்டுக்குள் போனால்தான் மீன் ஏன் சாகிறது என்று கண்ணால் காண முடிகிறது. ஜன்னலோரம், அடுப்புப் புகை, கொசுச் சுருள், இரவில் நிறுத்தும் ஏர் பம்ப். கடையில் உட்கார்ந்துகொண்டு எட்டு மாதத்தில் நான் கற்றதைவிட, வீட்டுக்காரர் இரண்டு மாதம் வீடுகளுக்குப் போய் அதிகம் கற்று வந்தார்.

மற்றவை

பேஸ்புக் விற்பனையை இப்போதைக்கு வேண்டாமென்று தம்பியிடம் சொல்லிவிட்டேன். ஒட்சிசன் நிரப்பிய உறையில், ஒரு நாள் பட்டினி போட்ட மீன் பஸ்ஸில் ஒரு நாள் தாங்கும், அது பிரச்சினை இல்லை. ஆனால் கம்பஹாவிலும் நீர்கொழும்பிலும் மீன் மலிவாகக் கிடைக்கும்போது நாடு முழுக்க விற்பதில் நாம் எப்படிப் போட்டி போடுவது? அதற்குப் பதில் வாட்ஸ்அப்பில் எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு குழு தொடங்கித் தந்தான். குளிர் இறங்கும் இரவுகளில் "இன்று தொட்டியை மூடி வையுங்கள்" என்று ஒரு செய்தி போடுகிறேன். காசு செலவே இல்லை.

லவ் பேர்ட்ஸ், முயல் வைக்கலாம் என்றார்கள். இடமில்லை, எனக்கு அது தெரியவும் தெரியாது. தலவாக்கலையில் இரண்டாவது கடை என்ற பேச்சை இரண்டு வருடத்துக்கு எடுக்கவே வேண்டாம் என்று முடிவு.

தீனியைச் சின்னப் பொட்டலமாக விற்பது மட்டும் நல்ல வழி. பெரிய டின் திறந்து மாதக் கணக்கில் கிடந்தால் சத்துப் போய்விடும், ஆனி, ஆடி மழையில் இங்கே பூஞ்சணமும் பிடிக்கும். இருபது கிராமாகக் கட்டி, இறுக்க மூடிய போத்தலில் வைத்து விற்கிறோம். சாகாத சரக்கு அது.

பங்கு போட்டது

வரப்போகும் மூன்று இலட்சத்தையும் ஒன்றில் போடப்போவதில்லை. பாதிக்குக் கொஞ்சம் குறைவாகப் பராமரிப்பு வேலைக்கு: இரண்டு நல்ல வெளிப் பில்டர், குழாய்கள், பத்து செட் வலை, தண்ணீர் சோதிக்கும் கிட், ஓட்டோவில் பொருத்தும் ஒரு மூடிய பெட்டி. அதற்கு அடுத்த பங்கு வீட்டுக்குப் பின்னால் ஆறு பீப்பாவுக்கும் இரண்டு தறப்பாள் தொட்டிக்கும். மீதியில் குளிர் மீன் சரக்கும், ஐம்பது ஸ்பொஞ்ச் பில்டரும். ஐயாயிரம் ரூபாய் மட்டும் கையில் வைப்போம், அது குறைவு என்று எனக்கே தெரிகிறது, அடுத்த இரண்டு மாதம் வீட்டுச் செலவை இறுக்கிப் பிடிக்க வேண்டும்.

ஐம்பது ஸ்பொஞ்ச் எதற்கு என்று வீட்டுக்காரர் கேட்டார். அவற்றைக் கடைத் தொட்டிகளில் ஒரு மாதம் ஓடவிட்டு, நல்ல பக்டீரியா பிடித்த பிறகு, புதுத் தொட்டி வாங்குகிறவர்களுக்கு ஈரத்தோடு கொடுக்கப் போகிறோம். சூடான ஊரிலேயே ஒரு தொட்டியில் இந்த பக்டீரியா பிடித்துப் பழக நான்கு முதல் ஆறு கிழமை எடுக்கும், இங்கே இன்னும் நீளும். பழகிய ஸ்பொஞ்ச் போனால் முதல் கிழமையிலேயே மீன் விடலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை முதல் நான்கு ஸ்பொஞ்சைத் தொட்டியில் போட்டோம். அதில் ஒன்றில் ஒரு பெயர் எழுதி நூலில் கட்டி வைத்திருக்கிறேன், டிக்கோயாவில் மோலி செத்த அந்தப் பையனின் பெயர். அவன் அம்மாவின் நம்பர் பழைய கொப்பியில் இருந்தது. தை 10ஆம் திகதி சம்பளத்துக்குப் பிறகு வரச் சொல்லியிருக்கிறேன். தொட்டிக்கு மட்டும் காசு வாங்குவேன், ஆறு வைட் கிளவுட் நான் தருகிறேன்.